ஒரு காய் காய்க்கட்டும்

என் அத்தானுக்குக் காது நன்றாகக் கேட்கும். சொன்னவர் அவரேதான். மற்ற எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறோம் என்பது அவருடைய தீர்ப்பு. மளிகைக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், டிவியில் செய்தி வாசிக்கிற பெண், என் அக்கா, நான், எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு குரலைக் குறைத்துவிட்டோமாம். "செவிடன் காதில் ஊதின சங்கு" என்கிற பழமொழியை அவர் எதிரில் நாங்கள் யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஜெனரேட்டர் ஓட்டியவர். மேலே கரண்ட் போகும். ஆபரேஷன் நடக்கிற அறையில் விளக்கு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டும், உடனே திரும்ப எரியும். அந்தச் சிமிட்டலை அவ்வளவு சின்னதாக வைத்திருந்தவர் என் அத்தான். மேல்மாடி டாக்டர்கள் யாருக்கும் அவர் முகம் தெரியாது. "பேஸ்மென்ட்" என்றால்தான் தெரியும். காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதை மாட்டினால் எஞ்சின் என்ன சொல்கிறது என்று புரியாது என்பதால் அதைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டுவிடுவார். எஞ்சின் சொன்னதையெல்லாம் உட்கார்ந்து கேட்டார். கடைசியில் மனுஷர் சொல்வது கேட்காமல் போயிற்று.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எதையும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார், ஃபேன் போட்டிருக்கும்போது சுவர் என்று எல்லாவற்றின் மேலும் கையை வைத்து, "நல்லா ஓடுது" என்பார். சில சமயம் கை வைத்துவிட்டு முகம் சுளிப்பார். அடுத்த வாரம் அந்தச் சாமான் ரிப்பேர் ஆகும்.

நான் அக்காவும் அத்தானும் இருக்கும் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கிறேன். பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை. என் நாக்கும் ஊசிதான் என்று அக்கா சொல்வாள். நான் மறுத்ததில்லை.

அத்தான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் தகராறு ஆரம்பித்தது. அதுவரை அவர் ராத்திரி ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று ஓடிக்கொண்டிருந்ததால் அவர்கள் இருவரும் சேர்ந்தாற்போல் பேசிக்கொள்ளவே நேரம் இருந்ததில்லை. இப்போது நேரம் இருந்தது. பேச்சுத்தான் இல்லை. "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்று அக்கா கேட்பாள். "ஆமா, நாளைக்குப் போகலாம்," என்பார் அத்தான். அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எதற்கெடுத்தாலும் "சரி சரி" என்று தலையாட்டிவிடுவது. அது இன்னும் மோசம். அக்கா ஒரு நாள் தனக்குக் காலையிலிருந்து தலை சுற்றுகிறது என்றாள். "சரி சரி, ரொம்ப நல்லது," என்றார்.

அக்கா இதைக் காதின் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, அலட்சியமாக எடுத்துக்கொண்டாள். "செவுத்துக்கிட்ட பேசினா எதிரொலியாவது வரும்டி. இந்த மனுஷனுக்கு நான் பேசுறதுல மதிப்பே இல்ல," என்று என்னிடம் வந்து அழுதாள். காதைக் காட்டச் சொல்லலாம் என்று நான் சொன்னேன். "மெஷின் சத்தத்துல ஒரு நட்டு கழண்டா தெரியுமாம். பொண்டாட்டி குரல் மட்டும் தெரியாதாமா?" என்றாள்.

அப்போது அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்து, அவள் திரும்ப வேலைக்குப் போக வேண்டிய நேரம் வந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கா வேறு ஊரில் இருந்த மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். பெட்டிகளைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். ஒரு மாதத்துக்குப் போகிறவள் கம்பளியை எடுத்துக்கொண்டு போவாளா?

வாசலில் டாக்சி நின்றது. அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "எப்ப வருவே?" என்று கேட்டார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். ஹாலுக்கு அந்தப் பக்கம் பால்கனி தெரிந்தது. உடைந்த நாற்காலி ஒன்று, அடி ஓட்டையான காலி பெயிண்ட் வாளிகள், ஒரு பழைய துடைப்பம். அங்கே நாலு செடி வைக்கலாம் என்று அவள் கல்யாணமான காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்த பால்கனியில ஒரு காய் காய்க்கட்டும். அன்னைக்கு வரேன்."

குதிரைக்குக் கொம்பு முளைக்கட்டும் என்கிற மாதிரிதான் அவள் அதைச் சொன்னாள். எனக்குப் புரிந்தது, டாக்சிக்காரருக்கும் புரிந்திருக்கும். ஆனால் கோபம் வந்தால் அக்காவின் குரல் ஓங்கும். அந்த வருஷம் முழுக்க அவள் பேசியதில் அத்தானுக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். அதை அவர் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி எடுத்துக்கொண்டார்.

மறுநாளே என் கதவைத் தட்டினார். "சின்னவளே, உனக்கு லீவு என்னைக்கு? செடி வாங்கப் போகணும்."

நர்சரி நடத்தியவர் ஒரு அம்மா. கையில் தண்ணீர்க் குழாயோடு நாற்றுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே பேசினார்.

"சின்ன பால்கனி. சீக்கிரம் காய் வேணும். எதை வைக்கலாம்?" என்று கேட்டார் அத்தான்.

"வெயில் எப்படி?"

"நல்லா இருக்கேன்மா."

நான் குறுக்கே புகுந்து, காலையிலிருந்து மத்தியானம் வரை வெயில் வரும், அதற்குப் பிறகு எதிர் கட்டிடத்தின் நிழல் விழும் என்று சொன்னேன்.

"அப்ப வெண்டை வைங்க. ஒரு வாளியே போதும். அதிகமா கவனிக்கவும் வேண்டாம். சீக்கிரம் காய்க்கும்."

அத்தானின் முகம் மாறியது. என் பக்கம் குனிந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு நர்சரி முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சீக்கிரம் காயும்னு அவங்களே சொல்றாங்க. நல்ல மனசு, மறைக்கல. ஆனா காயுறதை எதுக்கு வாங்கணும்?"

"காயும் இல்ல அத்தான். காய்க்கும்."

"அதைத்தானே நானும் சொல்றேன். காயும்."

"காய்க்கும்."

"ஆமா. காயும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். சாமானைக் கூவி விற்காமல் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று சொல்கிற கடை எந்த ஊரில் இருக்கும் என்று அத்தான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர் அவர். நடுக் கடையில் காதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

பிறகு அவரே தேர்ந்தெடுத்தார். நாற்றுகளில் கட்டியிருந்த அட்டையின் படத்தைப் பார்த்து, எதில் அதிகம் காய்த்திருக்கிறதோ அதை எடுத்தார். பூசணி ஒன்று, பப்பாளி ஒன்று. எங்கள் எதிர் பால்கனியில் இருக்கும் வாத்தியார் திராட்சை வைத்தால் கொத்துக் கொத்தாக வரும் என்று யாருக்கோ சொன்னதை நான் சொல்லித் தொலைத்திருந்தேன். அதனால் திராட்சையும் ஒன்று. கட்டிலைப் போட்டால் நடக்க இடமில்லாத பால்கனிக்கு மூன்றும் வந்து சேர்ந்தன. கிளம்பும்போது நர்சரி அம்மா பின்னாலிருந்து கத்தினார்.

"அடியில ஓட்டை இருக்கான்னு பாத்துக்குங்க."

கத்தியதால் அது அத்தானுக்கு நன்றாகவே கேட்டது. "பாத்துக்குறேன்மா," என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

அதற்கப்புறம் நடந்தது எனக்கு வெகு நாள் தெரியாது. நான் வேலைக்குப் போய்விட்டு வருவேன், மாடியில் வாளி நகர்கிற சத்தம் கேட்கும். மண்ணையும் உரத்தையும் மூட்டையாகத் தூக்கிக்கொண்டு படியேறினார். விடிந்ததும் பால்கனியில் நின்றார். சாயங்காலமும் நின்றார். வாத்தியார் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்வார், நான் கீழேயிருந்து ஒன்று சொல்வேன், மகள் போனில் இணையத்தில் படித்த ஒன்றைச் சொல்வாள். எல்லாவற்றுக்கும் "சரி சரி." கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி அவர் அந்த மூன்று செடிகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் புரியலம்மா," என்று ஒரு நாள் படியில் நின்று சொன்னார். "கை வெச்சுப் பார்க்குறேன். செடி ஓடுதா நிக்குதான்னே தெரியல."

அக்காவும் எனக்குப் புரியாதவளாகத்தான் இருந்தாள். போன் செய்தால், "நான் இங்கேயே இருந்துடப் போறேன்டி. பொண்ணும் இருக்கச் சொல்றா," என்பாள். அடுத்த மூச்சில், "அவர் சாப்பிட்டாரா?" என்பாள். அவரிடமே கேளேன் என்றால், "நான் சாப்பிட்டீங்களான்னு கேப்பேன், அவர் மழை இல்லைன்னுவார். எதுக்கு?" என்பாள். வரப்போகிறாளா வரமாட்டாளா என்று எனக்கே பிடிபடவில்லை. உடன்பிறந்தவளைப் புரிந்துகொள்வதைவிட மற்றவர்களுடைய நரம்பைக் கண்டுபிடிப்பது சுலபம்.

ஒரு விடுமுறை நாளில் மாடிக்குப் போனேன். பால்கனிக் கதவைத் திறந்ததும் தேங்கிய குட்டைத் தண்ணீர் வாசனை அடித்தது. பூசணி இலைகள் மஞ்சளாகித் தொங்கின. பப்பாளி ஒற்றைக் குச்சியாக நின்றது. திராட்சை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மண்ணில் விரலை விட்டேன், கூழ் மாதிரி உள்ளே போயிற்று. வாளியை அசைத்தேன், அசையவில்லை. குனிந்து அடியில் தடவிப் பார்த்தால், இருந்த ஓட்டைகளையெல்லாம் சாம்பல் நிறப் பசை வைத்து நறுவிசாக அடைத்திருந்தது.

"அத்தான், என்ன இது?"

"ஓட்டை இருந்துச்சு. அந்தம்மா பார்க்கச் சொன்னாங்கள்ல? எல்லாத்தையும் அடைச்சுட்டேன். ஒரு சொட்டு ஒழுகாது பாரு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வேலைக்காலம் முழுக்க டீசல் ஒழுகாமல் காத்த மனுஷர். டாங்க் எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும், அடியில் ஈரம் தெரிந்தால் ஆபத்து என்று வாழ்ந்தவர். அவரிடம் ஓட்டையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் வேறென்ன செய்வார்? வாளிகளைத் தினமும் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிரப்பி வைத்திருக்கிறார். மூன்று செடிகளும் நின்ற இடத்திலேயே முழுகிவிட்டன.

நான் விளக்கியதை அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார். அப்புறம் அந்த உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப உங்க அக்கா வரமாட்டாளா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய மனுஷர் அப்படி ஒரு கேள்வியை அப்படி ஒரு குரலில் கேட்டு நான் பார்த்ததில்லை. அக்கா கோபத்தில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இவர் இத்தனை நாளாக மண் சுமந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. அது சும்மா சொன்னது அத்தான் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அவருக்குச் செய்ய ஒன்றுமே இருக்காது. சொல்லாமல் விட்டால், காய்த்த அன்றைக்கு இவர் போய் வாசலில் நிற்பார், அவள் வராவிட்டால் என்ன ஆவார்? எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்லவில்லை.

பதிலாக, கொட்டியிருந்த மண்ணைக் கையால் சமன் செய்து விரலால் எழுதினேன். முதலில் "காயும்." அதன் கீழே "காய்க்கும்." இரண்டாவதில் நடுவிலிருந்த "ய்க்" என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

"அந்தம்மா சொன்னது இது," என்று இரண்டாவதைக் காட்டினேன்.

அத்தான் குனிந்து வெகு நேரம் பார்த்தார். ஒற்று இருக்கிற இடத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் காது சிவந்தது. கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தம்மா வாய்க்குள்ளேயே பேசுது," என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையால் மண்ணில் இருந்த எழுத்தை அழித்தார்.

இரண்டாம் முறை நான் கறாராக இருந்தேன். படம் பார்த்து வாங்கக் கூடாது. நம் பால்கனிக்கு எவ்வளவு வெயில், நம் வாளி எவ்வளவு ஆழம், வீட்டில் எதைச் சாப்பிடுகிறோம், இந்த மூன்றைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். வாளிகளில் ஓட்டையைத் திரும்பத் திறந்தார். அதைச் செய்யும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், யாரோ அவருடைய எஞ்சினை வேண்டுமென்றே உடைக்கச் சொன்ன மாதிரி இருந்தது. அகலமான தொட்டி ஒன்றில் கீரை விதையைத் தூவினோம். சமையலுக்கு வாங்கிய புதினாவில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டைச் சும்மா செருகி வைத்தோம்.

கீரையும் புதினாவும் யாரையும் கேட்காமல் வளர்ந்தன. கீரையை வேரோடு பிடுங்காமல் அடித்தண்டை விட்டு அறுத்தால் அது திரும்பத் துளிர்த்தது. அத்தானுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அறுக்க அறுக்க வருது சின்னவளே," என்று கட்டுக் கட்டாக எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். தின்று தின்று எனக்குக் கீரை என்றாலே ஓடத் தோன்றியது. வாத்தியாருக்கும் கொடுத்தார், மளிகைக்கடைக்காரருக்கும் கொடுத்தார். பால்கனியில் இவ்வளவு வந்த பிறகும் அவர் முகத்தில் நிம்மதி இல்லை.

"கீரை காய் ஆகுமா?" என்று கேட்டார்.

"ஆகாது அத்தான். கீரை கீரைதான்."

"உங்க அக்கா காய்னுதான் சொன்னா."

அதிலிருந்து ஒரு பெரிய வழக்கு ஆரம்பமாயிற்று. தக்காளி வைக்கலாம் என்றேன். "அது பேர்ல காய் இல்லையே. தக்காளிப்பழம்னுதானே சொல்றோம்?" என்றார். மிளகாய் என்றேன். மிளகாயில் காய் இருக்கிறது, ஆனால் அதைக் காய் என்று யாராவது கணக்கில் சேர்ப்பார்களா என்று அவருக்குச் சந்தேகம். எதிர் பால்கனி வாத்தியாரைக் கேட்டோம். அவர் பூவிலிருந்து வருவதெல்லாம் காய்தான், பழுத்தால் பழம் என்று ஆரம்பித்து, வேர்த்துச் சட்டை நனைகிற அளவுக்கு விளக்கம் சொன்னார். அத்தானுக்கு அதில் பாதி கேட்கவில்லை. எனக்கு மீதிப் பாதி புரியவில்லை. கடைசியில், பேரிலும் காய், பேச்சிலும் காய், யாரும் மறுக்க முடியாத காய் எது என்று பார்த்தால், வெண்டைக்காய்தான் நின்றது. நர்சரி அம்மா முதலிலேயே சொன்னது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தோம்.

இந்த முறை விதையாக வாங்கி ஊற வைத்து, வாளிக்கு இரண்டு என்று போட்டு, முளைத்த பிறகு இளைத்ததைக் கிள்ளிவிட்டு ஒன்றை மட்டும் விட்டோம். விரலால் மண்ணைத் தொட்டுக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அந்தத் தண்ணீர் வாளியின் அடி வழியாக வழிந்து, நேரே என் பால்கனியில் நான் காயப்போட்ட துணியில் சொட்டியது. முதல் நாள் மாடிக்குப் போய்க் கத்தலாம் என்று பாதிப் படி ஏறினேன். பிறகு துணியை உள்ளே போட்டுக்கொண்டேன். ஒழுகவிடுவதற்கு அவர் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

செடி இடுப்பளவு வந்தது. ஒரு காலையில் மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்போடு பூ பூத்திருந்தது. அத்தான் நாற்காலியை அதற்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விடியற்காலைப் பனியில் அப்படி உட்கார்ந்து சளி பிடித்துக்கொண்டது. மூக்கடைத்து, தொண்டை கட்டி, பேசினால் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. உள்ளே போங்கள் என்றால், "சரி சரி," என்பார், நகரமாட்டார். பூ உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் சுண்டுவிரல் நுனியளவு ஒன்று நின்றது.

அது விரல் நீளம் ஆனபோது நான் வேலையில் இருந்தேன். அதனால் அவர் போன் செய்ததை நான் கேட்கவில்லை. பின்னால் இரண்டு பேரும் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். என்ன சொல்வது என்று காலையிலிருந்து சொல்லிப் பார்த்திருக்கிறார். அக்கா எடுத்ததும், கட்டிய தொண்டையோடு, மூக்கால் ஒரே வார்த்தை சொல்லியிருக்கிறார். போனில் அவள் பதில் எதுவும் கேட்காது என்று அவருக்கே தெரியும். அதனால் சொன்னதும் வைத்துவிட்டார். அவள் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறாள். மணி அடிப்பது எங்கே அவர் காதில் விழப்போகிறது? எனக்கும் அடித்திருக்கிறாள். வேலை நேரத்தில் என் போன் அலமாரிக்குள் பூட்டியிருக்கும்.

சாயங்காலம் நான் பார்த்துவிட்டுக் கூப்பிட்டபோது அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையில முதல் பஸ்ஸுக்கு வரேன். நீ போய் அவர் பக்கத்துல இரு. தனியா விடாதே."

"சரிக்கா," என்றேன். காய் காய்த்ததற்குத் தனியாக விடாதே என்று ஏன் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. சந்தோஷத்தில் நெஞ்சு அடைத்துவிடும் என்று பயப்படுகிறாளோ? மாடிக்குப் போய், அக்கா நாளைக்கு வருகிறாள் என்று காதருகில் சொன்னேன். அத்தான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அப்புறம் வீட்டைப் பெருக்கினார். கட்டிலுக்கு அடியில்கூட விடவில்லை.

மறுநாள் அக்கா படியேறி வந்தாள். பெட்டியைக் கூட வாசலிலேயே போட்டுவிட்டு, கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். பிரித்தாள். கத்திரி நாற்று இரண்டு.

"போனா போகுதுங்க," என்றாள் அவரைப் பார்த்து. அவள் கண் வீங்கியிருந்தது. "செடிதானே, வேற வெச்சுக்கலாம். இதுக்குப் போய் மனசு ஒடிஞ்சு போறதா?"

அத்தான் சிரித்துக்கொண்டே நாற்றை வாங்கிக்கொண்டார். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவள் கையைப் பிடித்துப் பால்கனிக்கு அழைத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

வெண்டைச் செடி வெயிலில் பச்சையாக நின்றது. காயை அவர் பறிக்காமல் விட்டு வைத்திருந்தார்.

அக்கா செடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"காஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே."

"என்னது?"

"காஞ்சிடுச்சுன்னு சொன்னார்டி," என்று என்னிடம் திரும்பினாள். "போனை எடுத்ததும் அழுத மாதிரி ஒரு குரல். காஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டு வெச்சுட்டார். என்ன ஆகியிருக்குமோன்னு ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல."

"காச்சிடுச்சுன்னு சொல்லியிருப்பார்க்கா. சளி பிடிச்சிருக்கு அவருக்கு."

அத்தான் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் மெல்ல மெல்ல அவருக்குள் இறங்குவது தெரிந்தது. முதலில் ஒரு குறும்புதான் வந்தது. இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஆயிற்றே.

"நான் காச்சிடுச்சுன்னேன். உனக்குக் காது கேக்கலையா?" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் பாதியில் நின்றது. அவர் முகத்தில் இன்னொரு குழப்பம் வந்து உட்கார்ந்தது.

"காய்ச்சா வரேன்னுதானே சொன்னே? காஞ்சிடுச்சுன்னு நினைச்சுட்டு எதுக்கு வந்தே?"

அக்கா செடிப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டிருக்க வழியே இல்லை. சரி சரி என்று தலையாட்டப் போகிறார் என்று நினைத்தேன். தலை ஆட ஆரம்பித்தும்விட்டது.

பிறகு நின்றது.

"என்ன சொன்னே?" என்றார். "எனக்குக் கேக்கல. கொஞ்ச காலமாவே சரியா கேக்கல. இன்னொரு தடவை சொல்லு."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். கணவனை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். பெண் பார்த்த நாளில் இருந்து அவரைத் தெரியும் எனக்கு. தனக்குக் கேட்கவில்லை என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சமாவது கேட்கிற வலது காதுப் பக்கம் வந்து நின்றாள். தோளைப் பிடித்துக்கொண்டு, காதருகில் வாயை வைத்து, எதிர் பால்கனி வாத்தியார் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

"காய்ச்சா உங்களுக்குக் காய் இருக்கு. காஞ்சிடுச்சுன்னா யார் இருக்கா? அதான் வந்தேன்."

"கேட்டுச்சு," என்றார் அத்தான்.

தோளைப் பிடித்திருந்த அவள் கையின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார். எனக்கு அழுகை வந்தது. எதிரே வாத்தியார் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டு தன் குரோட்டன்ஸ் இலையைத் துடைத்தார்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்து, அந்த வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தாள். பட்டென்று ஒடிந்தது.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா முத்தியிருக்கும்," என்றாள், வழக்கமான குரலில்.

"என்ன?" என்றார் அத்தான்.